எடை பிசகாத கணக்கு

ரசாயனத்தின் பாலபாடங்களில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது, வினையில் புகும் பொருள்களின் எடையைக் கொண்டு விளையும் பொருளின் எடையை முன்கூட்டியே நிர்ணயிக்கும் கணக்குத்தான். 10 கிராம் ஹைட்ரஜனும் 64 கிராம் பிராணவாயுவும் சேர்ந்து எரிந்தால் எவ்வளவு ஜலம் உண்டாகும் என்று கேட்டால், அவசரக்காரர் இரண்டையும் கூட்டி 74 என்று சொல்லிவிடுவார். ஆனால் சமன்பாட்டை முதலில் சீர்செய்து, கிராமை மோலாக மாற்றி, ஹைட்ரஜன் 5 மோல், பிராணவாயு 2 மோல் என்று கண்டு, பின்னதன் ஒவ்வொரு மோலுக்கும் முன்னது இரண்டு மோல் வீதம் 4 மோலே செலவாகும் என்பதை உணர்ந்த மாணவன், பிராணவாயுவே இங்கே எல்லை வகுக்கிறது என்று தெளிந்து, 72 கிராம் ஜலமும் 2 கிராம் எஞ்சிய ஹைட்ரஜனும் என விடை எழுதும்போது, கூட்டுத்தொகை அணுவளவும் பிசகாமல் 74 ஆகவே நிற்கும் அழகு இருக்கிறதே, அது சங்கீதத்தில் தாளம் சமத்தில் வந்து விழும் ஆனந்தத்துக்கு நிகரானது.

மோல் என்னும் இடைப்படியைத் தாண்டிக் குதிப்பவர்களுக்கு இந்தச் சுகம் கிட்டுவதில்லை. பொருள்கள் எடையால் அல்ல, எண்ணிக்கையால் கூடுகின்றன என்ற தத்துவம் அங்கேதான் பொதிந்திருக்கிறது. ரசாயனத்தைக் கணிதத்தின் ஆட்சிக்குள் கொண்டுவரும் ஆர்வத்தால் ஜெர்மானியரான ரிக்டர் 1792-இல் இந்த எடைக் கணக்குச் சாஸ்திரத்துக்குப் பெயரிட்டு நூல் வெளியிடத் தொடங்கியபோது, டால்டனின் அணுக்கொள்கையே பிறந்திருக்கவில்லை. மோலோ அதற்கும் வெகுகாலம் பிந்தியது. அமிலங்களையும் காரங்களையும் ஒன்றோடொன்று நடுநிலையாக்கி, தராசைத் துணைகொண்டே அவர் விகிதங்களைத் தேடினார்.