'உடன்பட்டனர்': படுத்தியவன் எங்கே?

கலவரம் ஓய்ந்த ஊருக்குத் தாசில்தார் வருவார். சமாதானக் கூட்டம் நடக்கும். மறுநாள் பத்திரிகையில் ஒரு வரி: 'இரு தரப்பினரும் உடன்பட்டனர்.' வீடு எரிந்தவனும் எரித்தவனும் ஒரே வினைமுற்றுக்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். இந்தச் சொல்லைக் கொஞ்சம் உரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

உடன் + படு. அடிபடு, மிதிபடு, கட்டுப்படு என்பவற்றில் வரும் அதே 'படு'. ஆசைப்படு என்பதிலும் அதுதானே இருக்கிறது என்று பண்டிதர் கேட்பார். இருக்கட்டும், நமக்குப் பழக்கமானது முதல் வரிசை. அடிபட்டான் என்றால் அடித்தவன் யார் என்று கேட்கத் தோன்றுகிறது. உடன்பட்டான் என்றால் யாரும் கேட்பதில்லை.

இந்தக் கேள்வி கேட்கப்படாமல் பத்து வருஷம் ஓடியதை மதுரை மாவட்டத்தில் பார்த்தோம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சித் தலைவர் பதவிகள் 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டன. ஆதிக்கச் சாதியினர் தேர்தலை நடக்கவிடவில்லை. நடந்தபோதோ, அவர்கள் நிறுத்திய தலித் ஜெயித்து, ஜெயித்த கையோடு ராஜினாமா செய்தார். 2006 வரை இதே கூத்துதான். ராஜினாமாவில் கையெழுத்து தலித்துடையது. காகிதத்தின்படி அது அவருடைய சொந்த விருப்பம்! எழுத வைத்தவனுக்கு அந்தக் காகிதத்தில் இடமே இல்லை. உடன்பட மறுத்தால்? அதே மாவட்டத்தில் மேலவளவு இருக்கிறது. ஒதுக்கப்பட்ட பதவிக்கு நின்று ஜெயித்த தலைவர் முருகேசனை 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள்.

சேரிப் பேச்சு இந்த விஷயத்தில் ஏமாறுவதில்லை. 'ஒத்துக்க வச்சாங்க', 'தலைய ஆட்டிட்டு வந்தோம்', 'வேற என்ன பண்றது, சரின்னுட்டோம்'. மூன்றிலும் எதிரே நிற்பவனின் நிழல் விழுகிறது. எழுத உட்காரும்போதுதான் நாமே அதை 'சம்மதித்தார்கள்' என்று சலவை செய்துவிடுகிறோம். நம் கதைகளிலும் இது நடக்கிறது. கிழவர் 'ஆகட்டுஞ் சாமி' என்பார். அடுத்த வரியிலேயே கதைசொல்லி 'அவர் இணங்கினார்' என்று தீர்ப்பு எழுதிவிடுவார். அந்த 'ஆகட்டும்' பயமா, தந்திரமா, அன்றைக்குக் கூலி வாங்கியாக வேண்டிய அவசரமா? கதையே அங்கேதான் இருக்கிறது, அதைத்தான் தாண்டிப் போகிறோம். பிறகு விமர்சகர் வந்து 'பாத்திரத்தின் பொறுமை' என்று பாராட்டுவார். எரிச்சலாக இருக்கிறது.

சாட்சியம் பதிவு செய்யக் கிளம்பும் மாணவத் தோழர்களுக்கு ஒன்று: 'ஒத்துக்க வச்சாங்க' என்று ஒருவர் சொன்னால் அப்படியே எழுதுங்கள். வச்சது யாருன்னு அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.