முதல் பத்தியை முன்னால் வைத்த கை

கைப்பேசியில் தமிழ் விக்கிப்பீடியாவைத் திறந்து கோவில்பட்டி என்று தேடிப் பாருங்கள். மேலே ஊர்ப்பெயர், அடுத்து அறிமுகப் பத்தி, அதன் பிறகே வரைபடமும் மாவட்டமும் புள்ளிவிவரமும் அடங்கிய தகவற்பெட்டி. யாரும் கவனிக்காமல் கடந்துபோகும் இந்த வரிசையில்தான் நயம் இருக்கிறது.

கணினித் திரையில் பெட்டி வலப்பக்கம் ஒதுங்கி நிற்கும். பத்தி இடப்பக்கம் ஓடும். ஆனால் பக்கத்தின் நிரலில் பெட்டிதான் முதலில், பத்தி அதற்குக் கீழே. திரை குறுகும்போது உள்ளதை உள்ளபடியே அடுக்கினால் பெட்டி முழு இடத்தையும் அடைத்துக்கொள்ளும். உச்சிவெயிலில் கரிசல் காட்டில் நின்று பார்ப்பவர், ஊரைப் பற்றிய முதல் வாக்கியத்துக்கே விரலால் தள்ளிக்கொண்டு போக வேண்டும். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கியின் கைப்பேசித் தோற்றம், அந்த ஒரு பத்தியை மட்டும் எடுத்துப் பெட்டிக்கு மேலே வைத்துவிடுகிறது. கட்டுரை எழுதியவர் எதையும் மாற்ற வேண்டாம். வாசிப்பவருக்கு இடம் மாறியதே தெரியாது.

கோவில்பட்டிக்காரர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. அங்கே தயாராகும் தீப்பெட்டியின் லேபிளில் படமும் பெயரும் பெரிதாக நிற்கும். கம்பெனி விவரம் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். கண் எதை முதலில் தொட வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்திருக்கிறார்.

அடுத்த நயம், மூடிய பகுதிகள். போனில் தலைப்புகள் மட்டும் வரிசையாகத் தெரியும், தொட்டால் விரியும். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயைத் தேடி வந்தவர் மக்கள்தொகைக் கணக்கைத் தாண்டி வர வேண்டியதில்லை. டேப்லெட்டில் அதே பகுதிகள் திறந்தே இருக்கும். இடம் இருக்கும்போது மூடுவானேன்? அகலமான அட்டவணை வந்தால் அட்டவணை மட்டும் பக்கவாட்டில் நகரும், பக்கம் அசையாது.

இவற்றுக்கெல்லாம் அடியில், கண்ணுக்குத் தெரியாமல், வியூபோர்ட் என்ற ஒற்றை வரி இருக்கிறது. திரையின் அகலமே பக்கத்தின் அகலம் என்று அது சொல்லாவிட்டால், ஐபோன் பக்கத்தை 980 பிக்சல் அகலமாக எண்ணிக்கொண்டு, கையளவுத் திரைக்குள் எல்லாவற்றையும் சுருக்கிக் காட்டும். எழுத்தைப் படிக்க முடியாது.

2010இல் ஈதன் மார்கோட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், நெகிழும் கட்டம், நெகிழும் படம், திரையளவு பார்த்து மாறும் விதிகள் ஆகிய மூன்றையும் சேர்த்து, ஒரே பக்கம் எல்லாத் திரைக்கும் பொருந்தும் வழியை எழுதினார். அகலத்துக்கு அது விடை. எது முன்னால் நிற்க வேண்டும் என்பதற்கு மனிதர்தான் விடை சொல்ல வேண்டும். அந்த விடையைத்தான் இடம் மாறிய பத்தி சொல்கிறது.

வலைச்செயலி கட்டும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: பெரிய திரையில் வரைந்துவிட்டு அதைக் குறுக்காதீர்கள். 360 பிக்சல் அகலத்தில் முதலில் நிற்க வேண்டியது எது என்று முடிவெடுங்கள். பிறகு அகலமான திரைக்குப் போகலாம்.