செலவு முடியும் நகர்

மிதிவண்டியில் நெடுஞ்செலவு மேற்கொண்டு அதனை நூலாக எழுதுவோர்க்கு இறுதியில் ஓர் இடர் காத்திருக்கின்றது. செலவு முடிந்த நகரை எங்ஙனம் உரைப்பது என்பதே அது. வழியெல்லாம் ஏடு நிரம்ப எழுதியவர், முடிவிடத்தை அடைந்ததும் சொல்லற்று நிற்றலும், அன்றிச் சொல்லை வரம்பின்றிப் பெருக்குதலும் உண்டு. இவ்விரண்டனுள் எது குறை, எது குணம் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

ஆராய்ச்சிக்கு நாம் தேர்ந்துகொண்ட நிலைக்களம் காவேரிப்பட்டினம். சோழர் துறைமுகமாகிய காவிரிப்பூம்பட்டினத்தோடு பெயரொப்புமையால் மாணவர் சிலர் இதனை மயங்குதல் உண்டு. இது கிருட்டிணகிரி மாவட்டத்தது. காவிரிக் கரையிலும் இல்லை, கடற்கரையிலும் இல்லை. தென்பெண்ணைக் கரையில் உளது. சீநகரிலிருந்து கன்னியாகுமரிவரை 3,700 கிலோமீட்டருக்கு மேற்பட நீளும் 44ஆம் தேசிய நெடுஞ்சாலை இவ்வூரை ஒட்டிச் செல்கின்றது. வடக்கிருந்து மிதிவண்டியில் வருவோர் அத்திப்பள்ளியைக் கடந்து, இயந்திர வண்டித் தொழிற்சாலைகள் மலிந்த ஒசூரில் தமிழகம் புகுந்து, கிருட்டிணகிரி வழியே ஈண்டு வருகின்றனர். குமரிக்கு இன்னும் ஏறத்தாழ 600 கிலோமீட்டர். அவர்தம் கணக்கில் இவ்வூர் ஓர் ஊர் அன்று. கழிக்கவேண்டிய ஓர் எண்.

இவ்வூர் எப்போதும் இங்ஙனம் கடந்துபோகப்பட்டதன்று. 1767இல் முதல் மைசூர்ப் போரின் தொடக்கத்தில் ஐதரலி மலைவழி இறங்கிவந்து முதற்கண் முற்றுகையிட்டது இவ்வூர்க் கோட்டையையே. கோட்டை வீழ்ந்தபின் ஆங்கிலத் தளபதி சுமித்து சிங்காரப்பேட்டைக் கணவாய் வழியே செங்கத்திற்குப் பின்வாங்கினார். படைகள் வந்து நின்ற இடத்தில் இன்று சக்கரங்கள் நிற்பதில்லை. செங்கத்தை மட்டும் நினைவிற் கொள்க. அதற்குப் பின்னர் வருவோம்.

மிதிவண்டிச் செலவு நூல்களுள் முன்னோடியானது தாமசு சிடீவன்சு எழுதிய உலகச் செலவு நூல். அவர் 1884 ஏப்பிரல் 22இல் சான்பிரான்சிசுகோவில் தொடங்கி, உயர்ந்த முன்சக்கரம் உடைய வண்டியில் ஏறத்தாழ 13,500 மைல் உருட்டி, 1886 திசம்பர் 17இல் சப்பானின் யோகோகாமாவிற் செலவை முடித்தார். இலாகூரிலிருந்து கல்கத்தாவரை நம் நாட்டுப் பெருவழியிலும் அவர் சென்றார். இரண்டு பெருந்தொகுதிகளாக விரிந்த அந்நூலில் யோகோகாமா பெறும் இடம் யாது? தொடங்கிய நாள், முடிந்த நாள், ஏறிய கப்பல், பதினேழு நாளிற் கரை சேர்ந்தமை, இவ்வளவே. தாயகத்தில் தமக்குக் கிடைத்த வரவேற்பைக்கூட, அந்நாளைச் செய்தித்தாள்கள் கூறும் என்று விடுத்துவிடுகின்றார். இதனை வறுமை என்பார் உளர். நாம் அங்ஙனம் கருதவில்லை. உடல் ஓய்ந்தவன் நகரைக் கண்ணாற் காண்பதில்லை, முழங்காலால் உணர்கின்றான். உணராததை எழுதாமை நேர்மையே. ஆயினும் யோகோகாமா அவர்க்கு ஒரு துறைமுகப் படிக்கட்டு என்பதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை என்பதும் உண்மை.

வேறொரு வகையும் உளது. பம்பாயினின்று 1923இற் புறப்பட்ட பார்சி இளைஞருள் ஆதி அக்கீம், சால் பாபசோலா, ருசுதம் பும்கரா ஆகிய மூவர் உலகைச் சுற்றி 1928இல் பம்பாய்க்கே மீண்டனர். அவர்தம் நூலுக்கு சவகர்லால் நேரு முன்னுரை வழங்கினார். இங்கே இறுதி நகரே முதல் நகர். அதனைப் புதிதாக வருணிக்கவேண்டிய கடன் அவர்கட்கு இல்லை. மாறியது நகரன்று, வந்தவரே.

இனி நம் இலக்கியம். சிலப்பதிகாரத்திற் புகாரினின்று ஒரு காவதம் கடந்த அளவிலேயே கண்ணகி மதுரை எங்குளது என வினவுகின்றாள். முப்பது காதத் தொலைவை ஆறும் ஐந்துமாகக் கூறுபடுத்தி அண்மையே போலச் சொல்லிக் கோவலன் நகுகின்றான். இறுதி நகர் இவ்வாறு செலவின் தொடக்கத்திலேயே நூலுக்குள் வந்துவிடுகின்றது. நாடுகாண் காதை, காடுகாண் காதை, வேட்டுவ வரி ஆகியன கடந்த பின்னரே புறஞ்சேரி. அங்கே மதிற்கொடிகள் வாரற்க என்று கைகாட்டுவன போல் அசைகின்றன. அதன் பின்னர் ஊர்காண் காதையில் இளங்கோ மதுரையின் வீதிகளை மணிவகை உட்பட விரித்துரைக்கின்றார். விரிவு அங்கே பிழையன்று. கொடியின் குறிப்பை நாம் அறிவோம்; கோவலன் அறியான்; அவன் வியந்து சுற்றுந்தோறும் நம் நெஞ்சு கனக்கின்றது. குமரிக்கடலின் கதிரவத் தோற்றத்தை அடுக்குமொழியில் எழுதி முடிக்கும் இக்காலச் செலவுக் கட்டுரைகளில் இந்த இன்றியமையாமை இல்லை. கடல் வழியை அறுக்கின்றது. எழுத்தாளர் அதனையே முடிவெனக் கொள்கின்றார். நிலத்தின் எல்லை நூலின் முடிவாகிவிடாது.

இப்போது செங்கம். மலைபடுகடாம் கூறும் நன்னனது செங்கண்மா இவ்வூரே என்பர். இன்றும் கிருட்டிணகிரியிற் பிரியும் சாலை ஊத்தங்கரை வழியே அங்குச் செல்கின்றது. 583 அடிகளையுடைய அப்பாட்டில் நகரமைப்பைக் கூறுவன பத்துப் பன்னிரண்டு அடிகளே. ஆறுபோற் கிடக்கும் தெரு, கடலும் முகிலும் போன்ற ஒலி, மலைபோல் மாடம் என விரைந்து சொல்லிப் புலவர் அரசனிடம் சென்றுவிடுகின்றார். எஞ்சியன பெரும்பாலும் வழியே: பன்றிக்கு வைத்த பொறி, தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல், வழுக்கும் பாறை, நடுகல், கானவர் இடும் உணவு. சொல்பவன் நகரைக் கண்டு மீண்டவன். கேட்பவன் இன்னும் காணாதவன். ஆதலின் நகரைப் பற்றிய பெருமிதத்தைவிட வழியின் ஊறே அவனுக்கு முதன்மையாகின்றது. சிடீவன்சின் சுருக்கம் அயர்ச்சியிற் பிறந்தது. கௌசிகனாரின் சுருக்கம் கேட்போன்மேல் வைத்த பரிவிற் பிறந்தது. புறத்தே ஒன்றுபோல் தோன்றும் இரண்டையும் திறனாய்வாளர் ஒரு நிறையில் இடலாகாது.

சக்கரத்தின் விரைவு வேறு, காலின் விரைவு வேறு என மறுப்போர் கூறலாம். அம்மறுப்பு ஓரளவே பொருந்தும். மிதிவண்டி பேருந்து அன்று. ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவோன் ஒவ்வோர் ஊரையும் மூச்சால் அறிகின்றான். காவேரிப்பட்டினத்து மாந்தோப்பின் நிழலில் அமர்ந்து நீர் கேட்டவனுக்கு அவ்வூர் தெரியாமற்போனது என்று கூறல் இயலாது. எழுதும்போதுதான் அது எண்ணாகிச் சுருங்குகின்றது. மலைபடுகடாத்துக் கூத்தர் தலைவனோ, கவர்த்த வழிகளிற் பின்வருவோர் மயங்காவண்ணம் புல்லை முடிந்து வைத்துச் செல்க என்கின்றான். கிருட்டிணகிரியில் சென்னைக்கும் செங்கத்திற்கும் சேலத்திற்குமாகப் பெருவழி பிரியும் இடத்தை, குமரி நோக்கி எழுதுவோர் ஒருவரேனும் அங்ஙனம் குறித்து வைத்ததை நாம் பார்த்தவற்றுள் இன்னும் கண்டிலோம்.