கேட்டால் மட்டும் மொழி வந்துவிடுமா?

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலருகே கடை வைத்திருப்பவர்களை நீங்கள் கவனித்திருப்பீர்கள். வெளிநாட்டாரிடம் ஆங்கிலத்திலும், சிலர் பிரெஞ்சிலும்கூடத் தயங்காமல் விலை பேசுகிறார்கள். அவர்களுள் பலர் இலக்கண நூலைத் தொட்டதில்லை. அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள செங்கற்பட்டுக்குக் கல்லூரிப் படிப்புக்காக வரும் தமிழ்வழி மாணவரோ, பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலப் பாடம் படித்தும் ஒரு வாக்கியம் பேசக் கூசுகிறார். ஏன்?

இதற்கு விடை கூற முயன்ற நூல்களுள் புகழ்பெற்றது, அமெரிக்க மொழியியலார் ஸ்டீபன் கிராஷன் இரண்டாம் மொழி பயில்வது பற்றி 1982-இல் வெளியிட்ட நூல். விதிகளைப் படிப்பது வேறு, மொழி தானே படிவது வேறு என்கிறார் அவர். பொருள் விளங்கும் பேச்சை, நம் நிலைக்கு ஒரு படி மேலாக, அச்சமின்றிக் கேட்டு வந்தால் மொழி படியும் என்பது அவர் கொள்கை.

அச்சத்தைப் பற்றி அவர் கூறுவது முற்றிலும் பொருத்தம். கடைக்காரரின் பிழைக்கு யாரும் நகைப்பதில்லை. பொருள் புரிந்தால் வாணிபம் நடக்கிறது. வகுப்பிலோ ஒரு வினைச்சொல் பிசகினால் சிரிப்பொலி எழுகிறது.

ஆனால் அந்த 'ஒரு படி' எவ்வளவு? வெப்பத்தை அளக்க வெப்பமானி உண்டு. இதற்கு அளவுகோல் இல்லை. மாணவர் தேறினால் படி சரி, தேறாவிட்டால் படி சரியில்லை என்று சொல்லிவிடலாம். எந்தச் சோதனையாலும் மறுக்க முடியாத கருத்தை அறிவியல் எளிதில் ஏற்காது.

மற்றொரு குறையும் உண்டு. கனடாவில் 1965 முதல், ஆங்கிலம் பேசும் குழந்தைகளுக்குப் பிரெஞ்சிலேயே பாடங்களைக் கற்பிக்கும் பள்ளிகள் நடந்து வருகின்றன. அக்குழந்தைகள் பிரெஞ்சை நன்கு புரிந்துகொண்டார்கள்; ஆயினும் பேச்சிலும் எழுத்திலும் இலக்கணப் பிழைகள் நீங்கவில்லை. கேட்பது மட்டும் போதாது, பேசியும் எழுதியும் பார்த்தால்தான் தம் குறை தமக்குப் புலப்படும் என்று மெரில் ஸ்வெயின் 1985-இல் வாதிட்டார். நம் கடைக்காரரும் வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பவர் அல்லர். நாள் முழுதும் பேசுபவர். ஆனால் கடைப் பேச்சுக்கு அப்பால் அவர் மொழி அதிகம் செல்வதில்லை.

இதை நம் பெற்றோர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். புரியாத ஆங்கிலத்தில் பாடம் நடத்தும் வகுப்பில் பிள்ளையை அமர்த்துவது, நீந்தத் தெரியாதவனை நடுக்கடலில் தள்ளுவதாகும். பொருள் விளங்காத பேச்சால் மொழி படியாது என்பதைக் கிராஷனே கூறுகிறார்.

மாணவ நண்பர்களே! ஊசல் சோதனையைத் தமிழில் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். பிறகு அதையே ஆங்கிலத்தில் உங்கள் நண்பருக்கு விளக்குங்கள். சொல் தடுமாறும் இடத்தைக் குறித்துவைத்துத் திருத்துங்கள். பன்னிரண்டு ஆண்டுகளில் வராதது உங்கள் அறிவுக் குறைவால் அன்று. பேசிப் பார்க்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டவில்லை, அவ்வளவே.