அருகிய பெயரும் பெருகிய பெயரும்

தமிழ் இலக்கண வகுப்பில் ஆண்டு முழுவதும் இருவர் வருவதும் போவதுமாக இருப்பர். ஒருவன் சாத்தன்; மற்றவன் கொற்றன். ‘சாத்தன் வந்தான்’ என்பது கொண்டு எழுவாயும் பயனிலையும் விளக்கப்படும். ‘கொற்றன் மகன்’ என்பது கொண்டு வேற்றுமைத் தொகை விளக்கப்படும். ஆனால், வகுப்புப் பதிவேட்டை விரித்துப் பார்த்தால் அங்கே சாத்தனும் இல்லை, கொற்றனும் இல்லை. எங்கும் வழங்கிய எளிய பெயர்கள் என்பதனாலேயே உரையாசிரியர்கள் இவற்றை எடுத்துக்காட்டாக ஆண்டனர். அன்றைய பொதுப்பெயர் இன்று அரும்பெயர் ஆகிவிட்டது.

இன்று ஆண்மகவு பிறந்ததும் பெற்றோர் நாடுவதும் அரும்பெயரே. ‘வேறு எவருக்கும் இல்லாத பெயராக இருத்தல் வேண்டும்’ என்பது அவர்தம் வேட்கை. இவ்வேட்கை குறைகூறத்தக்கதன்று. அருமையை எங்கே தேடுகின்றனர் என்பதே ஆராயத்தக்கது. பொருளில் தேட வேண்டியதை ஒலியில் தேடுவதால், அரிய பெயர் வேண்டிப் புறப்பட்டவர் அனைவரும் ஒரே ஓசையில் வந்து முடிகின்றனர். ஷகரத்திலும் க்ஷகரத்திலும் முடியும் பெயர்கள் ஒரு வகுப்பில் பத்து இருந்தால், அவற்றுள் எது அரிது?

இதற்கு ஒரு காரணம் விண்மீன் வழியாக முதலெழுத்தைக் குறிக்கும் வழக்கம். அசுவினியின் நான்காம் பாதத்திற்கு ‘லா’, பூரத்தின் பிற்பாதங்களுக்கு ‘டா, டி, டு’, சுவாதிக்கு ‘ரு, ரே, ரோ’ எனப் பட்டியல் உரைக்கும். ட, ர, ல ஆகியன தமிழ்ச் சொல்லுக்கு முதலாகா என்பது தொல்காப்பியம் கற்ற மாணவர் அறிந்ததே. இராமன், இலக்குவன் என முன்னோர் உயிரெழுத்தை முன்வைத்து எழுதியதும் இது பற்றியே. வடமொழி ஒலிமுறைக்கு ஏற்ப அமைந்த பட்டியலைக் கையில் கொண்டு தமிழ்ப்பெயர் தேடுபவர், தேடத் தொடங்கும் முன்னரே தோற்றுவிடுகின்றார். எண்கணிதமோ இன்னும் ஒரு படி மேலே சென்று, உரோமன் எழுத்தில் ஒன்றைக் கூட்டியும் ஒன்றைக் குறைத்தும் பெயரை ஒரு கூட்டற் கணக்காக்கிவிடுகின்றது.

அடுத்துப் பெயர்ப்பட்டியல் நூல்களை நோக்குதல் வேண்டும். ஒரு பெயர், அதன் எதிரே ஒரு சொற்பொருள் என்பதே இவற்றின் அமைப்பு. பழம்பெயர்களை மீண்டும் புழக்கத்திற்குக் கொணர்ந்த வகையில் இவை பாராட்டுக்குரியன. எனினும், ஒற்றைச் சொற்பொருள் பல இடங்களில் வழி தவறச் செய்யும். ‘நன்னன்’ என்பதற்கு ‘நல்லவன்’ எனப் பொருள் எழுதுதல் எளிது. மலைபடுகடாம் போற்றும் நன்னன் ஒருவன் உளன். ஆற்றில் மிதந்து வந்த மாங்காயைத் தின்றாள் என்பதற்காக ஒரு பெண்ணைக் கொலை செய்வித்துப் புலவரால் பழிக்கப்பட்ட நன்னனும் உளன். ‘ஆதன்’ சேர மன்னர் பெயரில் விளங்குவது. கீழடியில் கிடைத்த பானை ஓட்டிலும் பொறிக்கப்பட்டது. பிற்காலத்தில் அச்சொல்லுக்கு ‘அறிவிலான்’ என்ற பொருளும் ஏறிற்று. அகராதியை மட்டும் திறப்பவர் அஞ்சி விலகுவர். இலக்கியத்தையும் திறப்பவரே உண்மை காண்பர்.

‘எழினி’ மற்றொரு சான்று. ஒலியை மட்டும் கேட்பவர் அதனைப் பெண்பெயர் எனக் கொள்ளக்கூடும். அதியமான் குடியில் வந்த ஆடவர் பெயர் அது. பாரி, ஓரி, காரி, நள்ளி, வழுதி, கிள்ளி, சென்னி அனைத்தும் இகர ஈற்று ஆண்பெயர்களே. ஓரியின் குதிரைக்கு ஓரி என்றும், காரியின் குதிரைக்குக் காரி என்றும் பெயர் வழங்கியதைச் சிறுபாணாற்றுப்படை காட்டுகின்றது. ஒரு பெயருக்குள் இத்துணைச் செய்தி அடங்கியிருக்க, ‘வீரன்’ என்னும் ஒரு சொல்லோடு பட்டியல் நின்றுவிடுதல் பெருங்குறையாகும்.

பழம்பெயர்களின் ஆக்கமுறையும் அறியத்தக்கது. கீரன் என்பதன் முன் சிறப்புணர்த்தும் ‘ந’ சேர நக்கீரன் ஆயிற்று. பூதன் நப்பூதன் ஆயினான். ஆதன் தந்தை ஆந்தை எனவும், பூதன் தந்தை பூந்தை எனவும் மருவும் என்பதற்குத் தொல்காப்பியமே விதி வகுத்துள்ளது. பிசிராந்தையார் என்னும் பெயரைக் கேட்டுப் பறவையை நினைந்து நகைக்கும் மாணவனுக்கு, அது மகன் பெயரால் தந்தையை விளிக்கும் அன்புப்பெயர் என்று உணர்த்துதல் ஆசிரியர் கடன். சேரமான், அதியமான் என்பவற்றின் ‘மான்’ விலங்கன்று. ‘மகன்’ என்பதன் திரிபு.

இவ்வரும்பெயர்களை மீட்டதில் தனித்தமிழ் இயக்கத்தின் பங்கு பெரிது. வேதாசலம் 1916இல் மறைமலையடிகள் ஆனார். பின்னர் நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும், இராமையா அன்பழகனாகவும் மாறினர். 1929இலும் 1954இலும் பெரியார் மலாயா வந்து சென்றதும், கோ. சாரங்கபாணி 1935இல் நிறுவிய தமிழ் முரசு ஆற்றிய பணியும், 1952இல் தொடங்கிய தமிழர் திருநாளும் இங்குத் தமிழுணர்வை வளர்த்தன. அவ்வுணர்வின் விளைவாகவே தமிழ்ச்செல்வன், இளங்கோ, அறிவழகன் முதலிய பெயர்கள் இந்நாட்டு இல்லங்களில் ஒலித்தன. எனினும், செல்வன், அழகன், அரசன் எனச் சில ஈறுகளே திரும்பத் திரும்ப ஆளப்பட்டமையால் இப்பெயர்களும் விரைவில் பொதுமை எய்தின. பசி என்னும் நோய்க்கு மருத்துவன் எனச் சோழ வேந்தன் ஒருவனே பாடிய பண்ணனும், தன் தலையைக் கொய்து பரிசு பெறுமாறு புலவனிடம் வாளை நீட்டிய குமணனும் அந்த அளவிற்குப் பரவவில்லை.

சங்க காலத்தை மட்டும் உயர்த்திப் பேசித் தோட்டப்புறத்தைத் தாழ்த்துதல் நேர்மையாகாது. முனியாண்டி, கருப்பையா, வீரையா, குப்புசாமி, பிச்சை என்பன இரப்பர்த் தோட்டங்களில் நிறைந்திருந்த பெயர்கள். பெரட்டுக் களத்தில் கிராணி தம் செவியில் விழுந்தவாறே இவற்றை உரோமன் எழுத்தில் பதிந்தார். பேரப்பிள்ளைகள் இன்று இப்பெயர்களைச் சொல்ல நாணுகின்றனர். ஆனால், அவற்றின் தோற்றத்தை அறிந்தார் நாணார். முதற்பிள்ளைகளை இழந்த தாய், அடுத்த மகவைக் குப்பையில் கிடத்தி எடுத்து, ‘இது எவரும் விரும்பாத பிள்ளை’ என்று கூற்றுவனை ஏமாற்றிக் காத்த பெயரே குப்பன். பிறரிடம் பிச்சையாகப் பெற்றதாகப் பாவித்து வைத்த பெயர் பிச்சை. ‘குப்பை’ என்பதற்குக் ‘குவியல்’ என்னும் பழம்பொருளும் உண்டு. அருமை என்பது ஒரு பெயரின் பின் உள்ள உண்மையைப் பொறுத்ததாயின், ஒரு தாயின் அச்சமும் அன்பும் உறையும் இப்பெயரினும் அரிது எது?

பன்மொழி வழங்கும் நாட்டில் பிற இனத்தார் நாவிற்கும் பெயர் எளிதாதல் வேண்டும் என்பது பெற்றோர் கூறும் தடை. அது புறக்கணிக்கத்தக்கதன்று. ழகரத்தை உரோமன் எழுத்து காட்டாமையால் செழியன் ‘செலியன்’ ஆகக்கூடும். மலாய் மொழியில் ‘பாரி’ என்பது திருக்கை மீனையும், ‘காரி’ என்பது கறியையும் குறிக்கும்; பள்ளித் தோழர் எள்ளி நகைக்கக்கூடும். அந்நகைப்பிற்கு விடை பெயரை மறைத்தலன்று, பொருளை அறிதலே. முல்லைக்குத் தேர் ஈந்தவன் பெயர் தனக்கு வாய்த்தது என்று சொல்லத் தெரிந்த சிறுவன் தலைகுனியான். ‘நல்ல எண் வருகிறது என்று வைத்தார்கள்’ என்பதன்றி வேறு விடை அறியாத சிறுவனே, எத்துணை நயமான ஓசையுடைய பெயர் பெற்றும் வறியவனாவான்.

எகிப்து நாட்டின் செங்கடற் கரையிலுள்ள குசேர் அல் கதீமில், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட பானை ஓடுகளில் கண்ணன், சாத்தன் என்னும் பெயர்கள் தமிழ் எழுத்தில் கிடைத்துள்ளன. இத்தீபகற்பத்திலேயே, தென் தாய்லாந்தின் கிராபி மாநிலத்தைச் சார்ந்த குவான் லுக் பாட்டில், கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சார்ந்த பொற்கொல்லர் உரைகல் ஒன்று ‘பெரும்பதன் கல்’ என்னும் எழுத்துடன் கிடைத்துள்ளது. கடல் கடந்த தமிழர் தம் உடைமையில் பொறித்தது தம் பெயரையே. பொன்னை உரைத்துப் பார்த்த கல்லில் நிலைத்தது அப்பெயர். பெயரையும் உரைத்துப் பார்த்தே மகவுக்குச் சூட்டுதல் வேண்டும்.

ஆண்டின் முதல் வாரத்தில் ‘என் பெயரின் வரலாறு’ என்று ஒரு கட்டுரை எழுதப் பணித்தால் போதும். மாணவர் பெற்றோரை வினவுவர், பெற்றோர் பாட்டியை வினவுவர். விடை தெரியாத இடத்தில் நூலைத் திறப்பர். அவ்வாறு வினவிப் பழகிய மாணவன் நாளை தந்தையாகும்பொழுது, பட்டியலைப் புரட்டுமுன் பாட்டைப் புரட்டுவான். அன்று இலக்கண நூலை விட்டு வகுப்பறைக்குச் சாத்தன் உண்மையாகவே வந்து சேர்வான்.