வாக்காளருக்கு எதற்கு இந்த ஊகம்?

2024 நவம்பரில் டொனால்ட் டிரம்ப் மீண்டும் வென்றதும் அமெரிக்கக் கருத்துக்கணிப்புத் துறையினர் தங்கள் தொழிலுக்காக ஒரு வாதத்தை முன்வைத்தார்கள். போட்டி நெருக்கம் என்று சொன்னோம், நெருக்கமாகத்தான் முடிந்தது. பிழை வரம்பைப் படிக்கத் தெரியாதவர்களே எங்களைக் குறை சொல்கிறார்கள் என்பது அவர்கள் நிலைப்பாடு. எதிர்ப்புறத்தில் பந்தயச் சந்தையின் ஆதரவாளர்கள் நின்றார்கள். கல்ஷி நிறுவனம் நீதிமன்றத்தில் வழக்காடி, அந்த அக்டோபரில்தான் தேர்தல் முடிவின் மீது பணம் கட்டும் உரிமையைப் பெற்றிருந்தது. பாலிமார்க்கெட் என்ற பந்தயத் தளத்தில் டிரம்ப் பக்கம் பெருந்தொகை கட்டிய பிரெஞ்சுக்காரர் ஒருவர் பல கோடி டாலர் ஈட்டினார். அவர் தன் செலவில் எடுத்த கணிப்பு, மக்களின் சொந்தத் தேர்வை நம்பாமல், அக்கம்பக்கத்தார் யாருக்கு வாக்களிப்பார்கள் என்று அவர்களிடம் கேட்டது. பழைய கணிப்பு முறைக்கு மாற்று கிடைத்துவிட்டது என்று பலர் அதைக் கொண்டாடினார்கள்.

இரு தரப்பும் மோதிக்கொள்வது ஒரே கேள்வியில்: முடிவை முன்கூட்டிச் சொல்வதில் யார் கெட்டிக்காரர்? அந்தக் கேள்விக்கு இவ்வளவு இடம் கொடுத்ததுதான் கேடு என்பது என் நெடுநாள் கருத்து. கணிப்பு பொய்த்தால் வரும் தீங்கு சில நாளில் ஆறிவிடும். அது வாக்காளரின் பேச்சுக்குள் புகுந்து அவரை என்னவாக ஆக்கிவிட்டது என்பதுதான் பெரிய விஷயம்.

கணிப்பின் நன்மைகளை மறுப்பதற்கில்லை. 1936இல் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பதில் அட்டைகளை எண்ணி ஆல்ஃப் லாண்டன் வெல்வார் என்றது; ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐக் கைப்பற்றினார். மிகச் சிறிய மாதிரியைக் கொண்டு ஜார்ஜ் கேலப் சரியாகச் சொன்னார். கட்சித் தலைவர்களும் பத்திரிகை முதலாளிகளும் 'மக்கள் இப்படி நினைக்கிறார்கள்' என்று வாய்க்கு வந்தபடி அடித்துவிடும் வழக்கத்துக்கு அது ஒரு கடிவாளம். விலைவாசியே தங்களை வாட்டுகிறது என்று 2024க்கு வெகுமுன்பே அமெரிக்கர்கள் கணிப்புகளில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஆளுங்கட்சி காதில் வாங்கவில்லை. மக்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கும் கணிப்பு அரசியலுக்குத் தேவை. நான் எதிர்ப்பது யார் முந்துகிறார், எத்தனை புள்ளியில் முந்துகிறார் என்று அன்றாடம் அளக்கும் கணிப்பை. விளம்பரங்களைப் பற்றிய பேச்சையும் அது தன் வழிக்கு இழுத்துவிட்டது; அதையும் சேர்த்தே எதிர்க்கிறேன்.

தேர்தல் காலத்தில் இரண்டு வாக்காளர்கள் ஒரு விளம்பரத்தைப் பற்றிப் பேசுவதைக் கவனியுங்கள். அதில் சொன்னது உண்மையா, அந்த வாக்குறுதியால் யாருக்கு என்ன கிடைக்கும் என்று பேச்சு போவது அரிது. இது எடுபடுமா, பென்சில்வேனியாவில் வேலை செய்யுமா, புறநகர்ப் பெண்களை இழுக்குமா என்றுதான் போகிறது. தங்களுக்கு அந்த விளம்பரம் என்ன சொல்கிறது என்பதை இருவரும் விட்டுவிட்டு, மூன்றாவது ஒருவரின் மனத்தை ஊகித்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு குடிமக்கள் பேச வேண்டிய இடத்தில் இரண்டு பிரசார ஆலோசகர்கள் பேசுகிறார்கள்.

இந்த மனநிலையை 1983இல் டபிள்யூ. பிலிப்ஸ் டேவிசன் என்ற ஆய்வாளர் 'மூன்றாமவர் விளைவு' என்று விளக்கினார். பிரசாரம் தங்களைவிட மற்றவர்களையே அதிகம் பாதிக்கும் என்று மனிதர்கள் நம்புகிறார்கள் என்பது அவர் கண்டது. இரண்டாம் உலகப் போர்க்கால நிகழ்ச்சி ஒன்றை அவர் சொல்கிறார். இவோ ஜிமா தீவில், வெள்ளை அதிகாரிகளின் கீழ் இருந்த கறுப்பினப் படைப்பிரிவு ஒன்றின் மீது ஜப்பானியர்கள் துண்டறிக்கைகளைப் போட்டார்கள்: இது வெள்ளையரின் போர், உங்களுக்கு இதில் என்ன வேலை என்று. வீரர்கள் அதைப் படித்து மனம் மாறியதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் மறுநாளே அந்தப் பிரிவு திரும்ப அழைக்கப்பட்டது. துண்டறிக்கையால் அசைந்தவர்கள், மற்றவர்கள் அசைந்துவிடுவார்கள் என்று அஞ்சிய அதிகாரிகள்தான். தேர்தல் விளம்பரத்தைப் பார்த்து 'நான் ஏமாற மாட்டேன், ஊரார் ஏமாந்துவிடுவார்கள்' என்று கவலைப்படும் வாக்காளர் அந்த அதிகாரிகளின் இடத்தில் நிற்கிறார்.

அந்தக் கவலைக்கு அடிப்படையும் வலுவாக இல்லை. 2016 தேர்தலின் 49 விளம்பரங்களை எடுத்து, ஏறத்தாழ 34,000 பேரிடம் 59 சோதனைகள் நடத்திய அலெக்சாண்டர் காப்பக், செத் ஹில், லின் வாவ்ரெக் ஆகியோர் 2020இல் முடிவுகளை வெளியிட்டார்கள். விளம்பரத்தின் விளைவு மிகச் சிறியது. யார் வெளியிட்டது, யார் பார்த்தது, என்ன தொனி என்பதைப் பொறுத்தும் பெரிதாக மாறவில்லை. ஒவ்வொரு விளம்பரத்தையும் தேர்தலையே புரட்டிப்போடும் ஆயுதமாக எண்ணி மக்கள் நடத்தும் வாக்குவாதம் மிகச் சிறிய ஒன்றின் மேல் கட்டியது.

அமெரிக்க விளம்பர வரலாற்றில் அதிகம் பேசப்பட்ட 'டெய்சி' விளம்பரத்துக்கு நேர்ந்ததும் இதுவே. 1964 செப்டம்பர் 7 அன்று அதிபர் லிண்டன் ஜான்சனின் பிரசாரக் குழு பணம் கட்டி அதை ஒரே ஒரு முறைதான் ஒளிபரப்பியது. பூவின் இதழ்களை எண்ணும் சிறுமி, பின்னால் ஏவுகணைக்கான தலைகீழ் எண்ணிக்கை, அணுகுண்டு வெடிப்பு. செய்தி நிகழ்ச்சிகள் அதைத் திரும்பக் காட்டின. இது நியாயமா, எதிர்த்துப் போட்டியிட்ட கோல்ட்வாட்டரை இது வீழ்த்துமா என்ற விவாதம் நாடெங்கும் ஓடியது. அறுபது ஆண்டுகளாக விளம்பர வகுப்புகளிலும் அதே விவாதம்தான். ஜான்சனுக்குப் போர் அதிகாரம் கொடுத்த டோங்கின் வளைகுடாத் தீர்மானம் நிறைவேறி அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அமைதியின் காவலராகத் திரையில் வந்தவர் வியட்நாமில் என்ன செய்யப் போகிறார் என்பதே அந்த இலையுதிர்காலத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அடுத்த மார்ச்சில் அமெரிக்க மரைன் படையினர் டா நாங் கடற்கரையில் இறங்கினார்கள். 1965 முடிவதற்குள் வியட்நாமில் இருந்த அமெரிக்கத் துருப்புகள் ஒன்றே முக்கால் லட்சத்தைத் தாண்டின. விளம்பரத்தின் திறமையைப் பற்றிப் பேசிய வாய்கள் அதன் வாக்குறுதியைப் பற்றிப் பேசியிருந்தால் அந்தப் போர் நின்றிருக்கும் என்று நான் சொல்லவில்லை. வாக்குக் கேட்டு வந்தவர் பதில் சொல்லியாக வேண்டிய ஒரே தருணம் பாழாய்ப் போயிற்று என்கிறேன்.

2024இலும் மாற்றமில்லை. டிரம்பை எதிர்த்த ஜனநாயகக் கட்சி வேட்பாளர் கமலா ஹாரிஸ் 'அவர்களுக்காக', டிரம்ப் 'உங்களுக்காக' என்று முடிந்த விளம்பரம் ஆயிரக்கணக்கான முறை ஒளிபரப்பானது. திருநர் கைதிகளின் மருத்துவம் பற்றி 2019இல் ஹாரிஸ் அளித்த ஒரு பதிலை அது பிடித்துக்கொண்டது. அந்த விளம்பரம் எத்தனை புள்ளிகளை நகர்த்தியது என்று கட்சிக்காரர்களும் வாக்காளர்களும் மாதக்கணக்கில் கணக்குப் போட்டார்கள். அது பேசிய மனிதர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு அரசு என்ன செய்தது, செய்தது சரியா என்ற விவாதம் அரிதாகவே எழுந்தது. எதிர்த்தவர்களும்கூட அதைத் தவறு என்று சொல்வதைவிட, பதிலடி கொடுக்காதது தந்திரப் பிழை என்று சொல்வதிலேயே வேகம் காட்டினார்கள்.

இந்தப் பழக்கத்தை ஊட்டி வளர்ப்பது முந்தல் கணிப்பு. ஹார்வர்டின் ஷோரன்ஸ்டீன் மையத்தில் தாமஸ் பாட்டர்சன் 2016 தேர்தல் செய்திகளை ஆராய்ந்தார். யார் முந்துகிறார் என்பது பற்றிய செய்தி 42 சதவீதம். கொள்கை பற்றியது 10 சதவீதம். செய்தியில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே கொள்கைக்கு என்றால், அதைப் படிப்பவர் வீட்டிலும் அலுவலகத்திலும் வேறெதைப் பேசுவார்?

அயோவாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் 2 அன்று, மதிப்பு மிகுந்த கணிப்பாளரான ஆன் செல்சர், அங்கே ஹாரிஸ் மூன்று புள்ளி முந்துகிறார் என்று அறிவித்தார். தேர்தலுக்கு முந்தைய கடைசி மூன்று நாள்கள் அந்த எண்ணிலேயே கரைந்தன. இறுதியில் டிரம்ப் அங்கே 13 புள்ளியில் வென்றார். எல்லோரும் பேசுவது கணிப்பு தவறிய கதையை. எனக்கு உறுத்துவது வேறு. கர்ப்பத்தின் ஏறத்தாழ ஆறாவது வாரத்துக்குப் பிறகு கருக்கலைப்பைப் பெரும்பாலும் தடுக்கும் சட்டம் அயோவாவில் அந்த ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. மூத்த பெண்கள் ஹாரிஸ் பக்கம் சாய்கிறார்கள் என்று செல்சரின் கணிப்பு காட்டியதற்கு அதைத்தான் பலர் காரணமாகச் சொன்னார்கள். அந்தச் சட்டம் ஒரு பெண்ணின் உடலுக்கு என்ன செய்கிறது என்பது அந்த மூன்று நாளும் ஓர் எண்ணுக்கான விளக்கக் குறிப்பாகச் சுருங்கிவிட்டது.

இன்னும் மோசமான விளைவு கட்சிகள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் தெரிகிறது. 2020இல் ஜனநாயகக் கட்சி வாக்காளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், தங்கள் கருத்தோடு ஒத்துப்போகும் வேட்பாளரைவிட டிரம்பைத் தோற்கடிக்கக்கூடியவரே வேண்டும் என்றார்கள். 2019இல் நடந்த ஒரு கணிப்பு இரண்டு கேள்விகளைக் கேட்டது. இன்று யாருக்கு வாக்களிப்பீர்கள் என்றதற்கு ஜோ பைடன் முதலிடம். மந்திரக்கோலைச் சுழற்றி ஒருவரை நேரே அதிபராக்கலாம் என்றால் யார் என்றதற்கு எலிசபெத் வாரன் முதலிடம். தனக்குப் பிடித்தவரை ஊராருக்குப் பிடிக்காது என்று ஊகித்து, அந்த ஊகத்துக்கே வாக்கைத் தாரை வார்த்தார்கள். இந்த ஊகம் எந்தத் திசையில் சாயும் என்பதையும் அரசியல் ஆய்வாளர் ரெஜினா பேட்சன் ஆராய்ந்திருக்கிறார்: சமமான தகுதி இருந்தாலும், கறுப்பினப் பெண்ணைவிட வெள்ளை ஆணே வெல்லக்கூடியவர் என்று அமெரிக்கர்கள் கருதுகிறார்கள். தன் மனத்தில் பாகுபாடு இல்லாத வாக்காளர், பிறர் மனத்தில் இருப்பதாக நினைக்கும் பாகுபாட்டுக்குத் தன் கையாலேயே வாக்களிக்கிறார்.

விவாத மேடையின் கதவையும் கணிப்பிடமே ஒப்படைத்துவிட்டார்கள். தேசியக் கணிப்புகளில் 15 சதவீதம் பெறாதவர் அதிபர் விவாதத்தில் பேச முடியாது என்ற விதி 2000இல் நடைமுறைக்கு வந்தது. 2016இல் மூன்றாம் கட்சி வேட்பாளர் கேரி ஜான்சன் இதனால் வெளியே நின்றார்; 2024 ஜூனில் சுயேச்சை வேட்பாளர் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியரைத் தடுத்த காரணங்களில் இத்தகைய வரம்பும் ஒன்று. 1992இல் இந்த விதி இல்லை. விவாதங்களுக்கு முன் பத்து சதவீதத்துக்கும் கீழே இருந்த சுயேச்சை வேட்பாளர் ராஸ் பெரோ மேடையேறினார், தேர்தலில் 18.9 சதவீதம் பெற்றார். மக்கள் ஒருவரைக் கேட்ட பிறகு என்ன நினைப்பார்கள் என்பதை, கேட்பதற்கு முன் எடுத்த கணிப்பு தீர்மானிக்கலாமா?

என் வாதத்துக்கு எதிராக வலுவான ஒரு சான்றைக் காட்டுவார்கள்: 2000, ஃபுளோரிடா. பசுமைக் கட்சி வேட்பாளர் ரால்ஃப் நேடருக்கு அங்கே 97,488 வாக்குகள். புஷ் வென்றது 537 வாக்கில். மற்றவர்கள் எப்படி வாக்களிப்பார்கள் என்று தெரியாமல் மனத்துக்குப் பிடித்தவருக்கு வாக்களித்தால் மிகவும் பிடிக்காதவர் வந்துவிடுவாரே என்பார்கள். நியாயமான அச்சம்தான். அதற்கு மருந்து தேர்தல் முறையில் இருக்கிறது. மெய்ன் மாநிலம் 2020 முதல் அதிபர் தேர்தலில் விருப்பவரிசை வாக்கைப் பயன்படுத்துகிறது. இலங்கையில் அதிபர் தேர்தல் தொடங்கிய நாள் முதலே மூன்று விருப்பங்களைக் குறிக்கலாம். 2024 செப்டம்பரில் அநுர குமார திசாநாயக்க ஐம்பது சதவீதத்தை எட்டாததால் இரண்டாம் சுற்று விருப்பங்கள் முதன்முறையாக எண்ணப்பட்டன. அங்கே ஒரு வாக்காளர் முதல் விருப்பத்தைத் தன் மனச்சாட்சிக்குக் கொடுத்துவிட்டு, அச்சத்துக்கு இரண்டாவதை வைத்துக்கொள்ளலாம். ஊராரை ஊகித்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் முறையை மாற்றுவதை விட்டுவிட்டு, ஊகத்தை இன்னும் கூர்மையாக்கித் தருகிறோம் என்று பெருமை பேசுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

இந்தியச் சட்டம் வாக்குப்பதிவு முடியும் முன் 48 மணி நேரம் மின்னணு ஊடகங்களில் கருத்துக்கணிப்பு வெளியிடுவதைத் தடுக்கிறது. பிரான்சில் தேர்தல் நாளும் அதற்கு முந்தைய நாளும் தடை. அமெரிக்க அரசியலமைப்பு இத்தகைய தடையை ஏற்காது. இரண்டு நாள் தடை போதவும் போதாது. பத்திரிகைகள் தாமாகவே முந்தல் எண்களை முதல் பக்கத்திலிருந்து இறக்க வேண்டும். கணிப்பு நிறுவனங்கள், யார் முந்துகிறார் என்று கேட்பதைக் குறைத்து, மக்களுக்கு என்ன தேவை என்று கேட்பதை மிகுதியாக்க வேண்டும். இவை நடக்கும் வரை வாக்காளர் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு விளம்பரம் வந்தால் இது எடுபடுமா என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, இது உண்மையா, இதை இவர் செய்தால் என் ஊர் எப்படி இருக்கும் என்று கேட்பது அவர் கையில் இருக்கிறது. ஊரார் என்ன நினைப்பார்கள் என்பது வாக்கு எண்ணும் அன்று தானாகத் தெரிந்துவிடும். நான் என்ன நினைக்கிறேன் என்பதை நானே சொன்னால்தான் தெரியும். அதைச் சொல்லத்தான் வாக்குரிமை கொடுத்திருக்கிறார்கள்.