விண்கல்லும் வித்தைக்காரனும்

இந்தியாவின் முதல் விண்வெளிப் படம் என்ற விளம்பரத்தோடு 2018இல் வந்தது சக்தி சௌந்தர் ராஜனின் ‘டிக் டிக் டிக்’. வங்கக்கடலை நோக்கி ஒரு விண்கல் வருகிறது. அதை உடைக்கும் அணுகுண்டு சீன விண்வெளி நிலையத்தில் இருக்கிறது. அதைத் திருடிவர, சிறையிலிருக்கும் வித்தைக்காரன் வாசுவுக்கு (ஜெயம் ரவி) அவசரப் பயிற்சி கொடுத்து மேலே அனுப்புகிறார்கள்.

காற்றே இல்லாத வெளியில் வெடிச்சத்தம் கேட்பது எப்படி, உடைந்த துண்டுகள் மட்டும் எப்படிச் சமர்த்தாக விலகிப்போகும் என்று சிரிக்கலாம். திருக்கோவிலூரில் பெருமாள் மூன்றடியால் உலகளந்த கதையிடம் யாரும் இயற்பியல் கேட்பதில்லை. புராணம் என்று தெரிந்தே கேட்கிறோம். இந்தப் படமோ அறிவியல் சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. அந்த ஊர் மாணவிகளோடு இதைப் பேசும்போது நான் கேட்பது வேறு: இந்தப் பிழைகளால் யாருக்கு வசதி?

2022 செப்டம்பரில் நாசாவின் ‘டார்ட்’ விண்கலம் சுமார் 160 மீட்டர் அகலமுள்ள டைமார்பஸ் என்ற சிறுகோள்மீது மோதியது. அது தன்னைவிடப் பெரிய இணைச் சிறுகோளைச் சுற்றிவரும் நேரம் அரைமணிக்கும் சற்று அதிகமாகக் குறைந்தது. உடைக்கவில்லை, தள்ளியது, அவ்வளவுதான். வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகமாற்றம்கூடப் பத்தாண்டில் 3,000 கிலோமீட்டருக்குமேல் சேர்ந்துவிடும். இதற்கு வேண்டியவை தொலைநோக்கி, கணக்கு, பல ஆண்டுப் பொறுமை. வித்தைக்காரனுக்கு இங்கே வேலையில்லை. அதனால்தான் திரைக்கதை அந்த ஆண்டுகளைக் களவாடிவிடுகிறது. ‘ஆர்மகெடான்’ (1998) கொடுத்த கெடு 18 நாள். அதற்குள் எண்ணெய்க் கிணறு தோண்டுபவர்கள் விண்வெளி வீரர்களாகிறார்கள். நாயகனின் மகள் கட்டுப்பாட்டறையில் நின்று அழுகிறாள்.

நம் படத்தில் சுவாதி (நிவேதா பெத்துராஜ்) அழவில்லை. அவள் பயிற்சி பெற்ற அதிகாரி, விண்கலத்திலும் இருக்கிறாள். ஆனால் கதையைத் திருப்பும் யோசனையெல்லாம் வாசுவிடமிருந்தே வருகிறது. படம் வந்த அடுத்த ஆண்டே சந்திரயான்-2 புறப்பட்டது. திட்ட இயக்குநர் சென்னையைச் சேர்ந்த முத்தையா வனிதா. 2023இல் ஆதித்யா-எல்1ஐ வழிநடத்தியவர் செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி. படத்தின் கட்டுப்பாட்டறையில் இவர்களைப்போல ஒருவரை உட்காரவைத்திருந்தால் நம்பமுடியாது என்றிருப்பார்களோ என்னவோ.

பெண்ணை மையத்தில் வைத்த ‘கிராவிட்டி’யிலும் (2013) ஒரு நெருடல். ஹப்பிள் தொலைநோக்கிக்கும் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கும் சுற்றுப்பாதையே வேறு, அப்படித் தாவிப்போக முடியாது என்று அறிவியலாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். நியாயம்தான். அந்தப் படத்தில் முனைவர் ரையான் ஸ்டோன் சாகத் துணியும் நேரத்தில், கைவிட்டுப்போன சக வீரர் பிரமையாக வந்து, தரையிறங்கும் ராக்கெட்டைக் கொளுத்தச் சொல்லித்தருகிறார். அவள் மூளையில் உதித்த யோசனைக்கும் ஓர் ஆண்குரல் தேவைப்பட்டிருக்கிறது. இதை எந்தப் பிழைப்பட்டியலிலும் நான் பார்த்ததில்லை.